வெளிச்சத்தைப் பார்த்து மின்னோட்டம் வைக்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலத்துப் பட்டறைகளில் லேசர் இப்போது அன்றாடக் கருவி. ஆயத்த ஆடை வெட்டும் மேசை மீது விழும் சிவப்புக் கோடு, கிரானைட் அறுக்கும் இயந்திரத்தில் பிளேடு இறங்கும் இடத்தைக் காட்டும் கோடு, டைல்ஸ் பதிப்பவர் மட்டம் பார்க்கும் பச்சை லெவல், மரத்திலும் அக்ரிலிக்கிலும் பெயர் பொறிக்கும் நீல லேசர் என எதைத் திறந்தாலும் உள்ளே இருப்பவை இரண்டுதான்: கடுகளவுச் சில்லு ஒன்றை மூடியிருக்கும் டையோடு, அதற்கு மின்னோட்டத்தை அளந்து கொடுக்கும் டிரைவர் போர்டு. வெள்ளிப் பொருளில் குறி பொறிக்கும் ஃபைபர் இயந்திரத்தில், வேலை தொடங்குமுன் இடம் காட்டுகிற சிவப்புப் புள்ளியும் இதே வகை டையோடுதான். (அந்த இயந்திரத்தின் முக்கிய லேசர் வேறு கதை. அதன் டிரைவரில் உள்ளூரில் யாரும் கைவைக்க வேண்டாம்.)

ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் மின்சாரம் போய்ப் போய் வரும்போது டிரைவர் போர்டு போய்விடுவது வழக்கம். பல சமயம் டையோடு பிழைத்துக்கொள்ளும். போர்டை மட்டும் மாற்றினால் போதும், செலவும் பெரிதல்ல. தவறு நடப்பது அதற்கு அடுத்த நிமிடத்தில். புதுப் போர்டைப் பொருத்தி, மின்சாரம் கொடுத்து, பிரீசெட்டை (மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு திருகை) திருகிக்கொண்டே போய், “போதும், நல்லா எரியுது” என்று கண்ணுக்குத் தோன்றும் இடத்தில் நிறுத்துகிறார்கள். இரண்டு வாரத்தில் கோடு மங்குகிறது, ஒரு மாதத்தில் அணைகிறது. டையோடு மட்டம், போர்டு மட்டம் என்று பழி எங்கெங்கோ போகிறது. மின்னோட்டத்தை யாரும் அளக்கவில்லை என்பதே காரணம். சிறுதொழில் பற்றித் தங்கள் நாளிதழ் இடம் கொடுத்து எழுதி வருவதால், இந்த வேலையைச் சரியாகச் செய்யும் முறையை விவரமாகவே எழுதுகிறேன்.

லேசர் டையோடு பல்பைப் போலப் படிப்படியாகப் பிரகாசமாவதில்லை. 650 நானோமீட்டர், 5 மில்லிவாட் சிவப்பு டையோடை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 20 மில்லி ஆம்பியர் வரை அது வெறும் மங்கலான சிவப்பு விளக்கு. அந்தத் தொடக்க அளவைத் தாண்டியதும் லேசர் பிறக்கிறது. பிறகு ஒவ்வொரு மில்லி ஆம்பியருக்கும் சுமார் அரை மில்லிவாட் வீதம் ஏறி, 30 மில்லி ஆம்பியர் வாக்கில் முழு 5 மில்லிவாட்டைத் தொடுகிறது. ஆக, அணைந்த நிலைக்கும் முழு ஒளிக்கும் நடுவே இருப்பது வெறும் 10 மில்லி ஆம்பியர். இன்னொரு 10 கூடினால் ஒளி இரட்டிப்பாகும். அவ்வளவு ஒளியும் சில மைக்ரோமீட்டர் அகலமே உள்ள படிக முகப்பின் வழியாக வெளியேற வேண்டும். அந்த முகப்பு தாங்காமல் உருகிவிடும். இதற்கு ஒரு நொடிகூடத் தேவையில்லை, மைக்ரோ நொடிகள் போதும். உருகிய பிறகும் மின்னோட்டம் ஓடும், சிவப்பாக எரியவும் செய்யும், ஆனால் அது லேசர் இல்லை. கண்ணை நம்ப முடியாததற்கும் காரணம் உண்டு. 5 மில்லிவாட் புள்ளியையும் 7 மில்லிவாட் புள்ளியையும் தனித்தனியே பார்த்தால் எது எது என்று எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது. டையோடுக்கு அந்த 2 மில்லிவாட்தான் உயிரும் சாவும்.

போர்டை மாற்றுமுன் டையோடு உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. நல்ல லேசர் ஒளி வெள்ளைச் சுவரில் விழும்போது மணல் தூவினாற்போலப் பொடிப் புள்ளிகளாக மினுமினுக்கும், தலையை அசைத்தால் புள்ளிகளும் நகரும். முகப்பு கருகிய டையோடின் ஒளி அப்படி மினுக்காது. லென்ஸை எப்படித் திருகினாலும் கூர்மையான புள்ளியாகக் குவியாது. மின்னோட்டத்தைக் கூட்டும்போது திடீரென்று ஒளி தாவும் கட்டமும் அதில் வராது. மல்டிமீட்டரின் டையோடு சோதனையை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். சிவப்பு டையோடு 2 வோல்ட்டை ஒட்டிக் காட்டலாம். நீல, பச்சை டையோடுகளுக்கு 4 வோல்ட்டுக்கு மேல் வேண்டும், பல மீட்டர்களில் அவ்வளவு வராது. நல்ல நீல டையோடையே “ஓப்பன்” என்று காட்டி ஏமாற்றும்.

அடுத்த கேள்வி, எத்தனை மில்லி ஆம்பியர் வைப்பது என்பது. டையோடின் எண் தெரிந்தால் அதன் விவரத்தாளில் இயக்க மின்னோட்டம் இருக்கும். அதில் ‘வழக்கமான அளவு’, ‘உச்ச அளவு’ என்று இரண்டு எண்கள் இருந்தால் வழக்கமான அளவையே எடுக்க வேண்டும். எண் அழிந்துபோயிருந்தால் பழைய போர்டைத் தூக்கி எறியாதீர்கள். மின்னோட்டத்தை அளந்து கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் அதில்தான் இருக்கிறது. பிடி4115 சில்லு உள்ள போர்டாக இருந்தால் கணக்கு எளிது: 0.1 வோல்ட்டை அந்த ரெசிஸ்டரின் ஓமால் வகுத்தால் ஆம்பியர் வரும். 0.1 ஓம் என்றால் 1 ஆம்பியர், 0.22 ஓம் என்றால் ஏறக்குறைய 0.45 ஆம்பியர். இவ்வளவு சிறிய ஓமை மல்டிமீட்டரில் அளக்க முயல வேண்டாம். மீட்டரின் ஒயர்களே அதைவிட அதிக ஓம் காட்டும். ரெசிஸ்டர் மேல் அச்சிட்டிருக்கும் குறியைப் படியுங்கள். அதே மாடல் கருவி இன்னொன்று நல்ல நிலையில் இருந்தால் அதில் ஓடும் மின்னோட்டத்தை அளந்து எழுதிக்கொள்வது எல்லாவற்றிலும் நம்பகமான வழி.

எதுவுமே கிடைக்காவிட்டால் டையோடையே கேட்க வேண்டும். பிபிடபிள்யூ34 போன்ற ஒளி உணர் டையோடு ஒன்றை, அது இல்லாவிட்டால் தோட்டத்து சோலார் விளக்கின் சிறு தகட்டை, மல்டிமீட்டரின் மைக்ரோ ஆம்பியர் அளவில் இணையுங்கள். லேசரை நேராக அதன் மீது அடிக்காமல் வெள்ளைத் தாளில் அடித்து, சிதறும் ஒளியை உணரியில் வாங்குங்கள். உணரியும் தாளும் அசையக் கூடாது, அறை இருட்டாக இருக்க வேண்டும். மின்னோட்டத்தை 2 மில்லி ஆம்பியர் வீதம் ஏற்றிக் குறித்துக்கொண்டே வாருங்கள். உதாரணமாக 20ல் 4, 22ல் 40, 24ல் 76, 26ல் 112, 28ல் 147, 30ல் 176 என்று மைக்ரோ ஆம்பியர் வந்தால், ஒவ்வொரு படிக்கும் 36, 36, 36, 35 என்று சீராக ஏறி வந்தது கடைசிப் படியில் 29 ஆகச் சரிந்திருக்கிறது. ஏற்றம் தளர்கிறது என்றால் டையோடு திணறுகிறது என்று பொருள். அதோடு நிறுத்தி, 26க்கு இறங்கிவிட வேண்டும். சில டையோடுகள் இந்த எச்சரிக்கையைத் தராமலே முகப்பு உருகிப் போகும். ஆகையால் வேறு எந்தத் தகவலும் இல்லாதபோது மட்டும் இந்த வழிக்கு வாருங்கள். அப்போதும் வேலைக்குத் தேவையான ஒளி கிடைத்த இடத்திலேயே நின்றுவிடுவது நல்லது.

எண் தெரிந்தாயிற்று. அதைப் போர்டில் வைப்பதை உண்மையான டையோடோடு தொடங்கக் கூடாது. டம்மி லோடு, அதாவது லேசர் டையோடுக்குப் பதிலாக அதே வோல்ட்டை எடுக்கும் போலிச் சுமை ஒன்று கட்டாயம் வேண்டும். சொற்பச் செலவில் முடிகிற இந்தச் சிறு பலகை இல்லாமல் லேசர் வேலை எடுப்பது, எடைக்கல் இல்லாமல் தராசு பிடிப்பது போலத்தான்.

1என்4007 என்ற சாதாரண (ஒளி தராத) டையோடுகளை வரிசையாகக் கோத்து, கடைசியில் 1 ஓம் ரெசிஸ்டர் சேர்த்தால் டம்மி லோடு தயார். ஒரு 1என்4007 30 மில்லி ஆம்பியரில் 0.7 வோல்ட்டை ஒட்டி எடுக்கும். மூன்று கோத்தால் சிவப்பு லேசர் டையோடின் 2.2 வோல்ட்டுக்குச் சமம். 1 ஆம்பியரில் அதே டையோடு 0.9 வோல்ட்டுக்கு மேல் எடுக்கும், 1 ஓம் ரெசிஸ்டர் தன் பங்குக்கு 1 வோல்ட் எடுக்கும். ஆகவே நீல டையோடின் 4.7 வோல்ட் அளவுக்கு நான்கு டையோடும் ரெசிஸ்டரும் போதும். பலர் சிவப்புக்கும் நீலத்துக்கும் ஒரே எண்ணிக்கை வைத்துவிட்டு, போர்டு சூடாகிறது, அளவு ஏறவே மாட்டேன் என்கிறது என்று குழம்புவது இதனால்தான். 1 ஆம்பியருக்கு மேல் போகிற டையோடுகளுக்கு 1என்4007 தாங்காது, 3 ஆம்பியர் தாங்கும் 1என்5408 எடுத்துக்கொள்ளுங்கள். ரெசிஸ்டரையும் 0.1 ஓமாக மாற்றுங்கள். 3 ஆம்பியரில் 1 ஓம் என்றால் 9 வாட் சூடு, 0.1 ஓம் என்றால் ஒரு வாட்டுக்கும் குறைவு.

அந்த 1 ஓம் சரியான 1 ஓமாக இருக்க வேண்டும். வெள்ளைச் செங்கல் போல இருக்கும் சிமென்ட் ரெசிஸ்டரில் 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். 10 ஓம், 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்கள் பத்தைப் பக்கவாட்டில் சேர்த்தால் துல்லியமான 1 ஓம் கிடைக்கும். கால் வாட் வகையாக இருந்தாலும் 1 ஆம்பியரில் ஒவ்வொன்றிலும் 0.1 வாட்தான் விழும். இனி அந்த ரெசிஸ்டரின் இரு முனையிலும் மில்லிவோல்ட் அளந்தால் அதுவே மில்லி ஆம்பியர். 27 மில்லிவோல்ட் காட்டினால் 27 மில்லி ஆம்பியர். 0.1 ஓம் என்றால் பத்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

மல்டிமீட்டரையே ஆம்பியர் அளவில் வைத்து நடுவே செருகலாமே என்று கேட்பார்கள். செருகக் கூடாது. 10 ஆம்பியர் அளவில் 30 மில்லி ஆம்பியரைத் துல்லியமாகப் படிக்க முடியாது. மில்லி ஆம்பியர் அளவில் மீட்டரே கணிசமான வோல்ட்டை விழுங்கும். எல்லாவற்றையும்விட, கையில் பிடித்த முனை ஒரு கணம் நழுவினால் சுற்று திறந்துகொள்ளும். சுமை போனதும் டிரைவரின் வெளியீடு உச்ச வோல்ட்டுக்கு ஏறி, கெபாசிட்டரில் சேர்ந்துகொள்ளும். முனை மீண்டும் தொட்டவுடன் சேர்ந்ததெல்லாம் ஒரே அடியாக டையோடில் இறங்கும். உயிரோடு இருக்கும் டிரைவரில் டையோடைச் செருகினாலும் இதேதான். லேசர் டையோடு சாகும் வழிகளில் இதுவே மிகச் சாதாரணமானது.

இனி போர்டு வகைகள். சிவப்பு டையோடுக்கு மின்னோட்டத்தை நிலையாக வைக்கும் எல்எம்317 சில்லு ஒன்றே போதும். 1.25 வோல்ட்டை ரெசிஸ்டரால் வகுத்தால் மின்னோட்டம். 39 ஓம் நிலையான ரெசிஸ்டரும் 100 ஓம் பிரீசெட்டும் வரிசையாக வைத்தால் சுமார் 9 முதல் 32 மில்லி ஆம்பியர் வரை மாற்றலாம். அந்த 39 ஓமை விட்டுவிட்டுப் பிரீசெட்டை மட்டும் வைப்பவர்கள் உண்டு. பிரீசெட் ஒரு கோடியைத் தொட்ட கணத்தில் 1 ஆம்பியருக்கு மேல் பாயும். நிலையான ரெசிஸ்டர்தான் அங்கே காவல். ஒரே சுற்றில் முடிகிற பிரீசெட்டை விட 25 சுற்று வகை நல்லது, முன்னதில் சற்றே திரும்பினாலும் சில மில்லி ஆம்பியர் தாவும். எல்எம்317க்கு 5 வோல்ட் அடாப்டர் விளிம்பில் நிற்கும், 6 முதல் 9 வோல்ட் கொடுங்கள். நீல லேசருக்கு இந்த முறை ஒத்துவராது. 12 வோல்ட்டிலிருந்து 1.2 ஆம்பியர் எடுத்தால் 8 வாட்டுக்கு மேல் வீண் சூடு. அங்கே வேகமாக அணைத்து ஏற்றி வோல்ட்டைக் குறைக்கும் பக் வகை டிரைவரே சரி.

டார்ச் லைட் எல்இடிக்கான ஏஎம்சி7135 போர்டை மலிவாகக் கிடைக்கிறதே என்று சிவப்பு மாடியூலில் (டையோடும் லென்ஸும் சேர்ந்த அலகில்) வைப்பதைப் பார்க்க முடிகிறது. அது மாற்ற முடியாத 350 மில்லி ஆம்பியர் போர்டு. 30 கேட்கும் டையோடு அதில் கண் இமைக்கும் நேரம்கூட நிற்காது.

மூன்று கால் டையோடில் கூடுதல் கவனம் வேண்டும். மூன்றாவது கால், உறைக்குள்ளேயே இருக்கும் ஒளி உணரிக்கானது. அந்த உணரி ஒளியைப் பார்த்துச் சொல்ல, போர்டு மின்னோட்டத்தைத் தானே கூட்டிக் குறைக்கும். இத்தகைய போர்டில் பிரீசெட் தீர்மானிப்பது மின்னோட்டத்தை அல்ல, ஒளியின் அளவை. ஒரே எண் கொண்ட இரண்டு டையோடுகளிலேயே உணரியின் அளவு பல மடங்கு மாறுபடும். எனவே பழைய டையோடுக்கு வைத்த பிரீசெட் நிலையிலேயே புது டையோடைப் போட்டால் அது கருகக்கூடும். முதலில் பிரீசெட்டை மிகக் குறைந்த ஒளிக்குக் கொண்டுவந்துவிட்டுத் தொடங்க வேண்டும். உணரியின் கால் சரியாகத் தொடாவிட்டால் இன்னும் மோசம். ஒளியே இல்லை என்று போர்டு நினைத்து, கொடுக்க முடிந்த அத்தனை மின்னோட்டத்தையும் கொடுக்கும். டம்மி லோடிலும் உணரி இல்லை என்பதால் அங்கே இந்தப் போர்டு காட்டுவது அதன் உச்ச அளவு. அந்த எண், டையோடு தாங்கும் உச்சத்துக்குக் கீழே இருக்கிறதா என்பதைத்தான் டம்மி லோடில் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் வரிசையில் ஒரு ரெசிஸ்டர் சேர்த்துக் கட்டுப்படுத்திய பிறகே டையோடைத் தொடலாம். மூன்று கால்களில் எது உறையோடு சேர்ந்தது என்பதும் வகைக்கு வகை மாறும். ஊகத்தில் இணைக்காதீர்கள்.

டம்மி லோடில் அளவு வைத்து முடிந்ததும் மின்சாரத்தை நிறுத்துங்கள். வெளியீட்டு முனைகளை 100 ஓம் ரெசிஸ்டரால் சில நொடிகள் இணைத்து, மல்டிமீட்டரில் 0 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். பிறகுதான் டையோடு.

டையோடைக் கையாள்வதில் பெரிய எதிரி நிலைமின்சாரம். பாலியஸ்டர் துணி உரசும் தையல் கூடத்திலும், வறண்ட மாசி, பங்குனியிலும் உடம்பில் ஏறும் நிலைமின்சாரம் நமக்குத் தெரியாமலே டையோடைக் காயப்படுத்திவிடும். அன்றைக்கு எரியும், பத்து நாளில் போகும். 1 மெகா ஓம் ரெசிஸ்டர் உள்ள மணிக்கட்டுப் பட்டையை எர்த்தில் இணைத்துக்கொள்ளுங்கள். டையோடின் கால்களை மெல்லிய செம்புக் கம்பியால் சுற்றி ஷார்ட் செய்துவிட்டு ஈயம் வையுங்கள். எல்லா இணைப்பும் முடிந்த பிறகு கடைசியாக அந்தக் கம்பியை அவிழ்க்க வேண்டும். சால்டரிங் அயர்ன் மூன்று பின் பிளக் உள்ளதாக, எர்த் உண்மையாகவே வேலை செய்யும் பாயிண்டில் இருக்க வேண்டும். இரண்டு பின் அயர்னின் நுனியில் கசியும் வோல்ட்டே போதும். அப்படிப்பட்டதுதான் கையில் இருக்கிறது என்றால், நன்றாகச் சூடேறியதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஈயம் வையுங்கள். ஒரு காலுக்கு மூன்று நொடிக்கு மேல் வேண்டாம். டையோடுக்கு எதிர்ப்புறமாக ஒரு 1என்5819 டையோடைப் பக்கவாட்டில் வைத்தால் தலைகீழ் மின்னழுத்தத்திலிருந்து காப்பாகும். பல லேசர் டையோடுகள் தலைகீழாக 2 வோல்ட்டுக்கு மேல் தாங்குவதில்லை.

பித்தளைக் குழாயில் வரும் சிவப்பு மாடியூல்கள் பலவற்றில் அந்தக் குழாயே பாசிட்டிவ். இயந்திரத்தின் இரும்புச் சட்டம் நெகட்டிவோடு சேர்ந்திருந்தால், குழாய் சட்டத்தைத் தொட்டதும் ஷார்ட். பொருத்துமுன் மல்டிமீட்டரில் ஒரு தடவை பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் நைலான் வளையமோ சுருங்கு குழலோ போடுங்கள்.

சிவப்பு டையோடுக்குச் சூட்டைப் பற்றிக் கவலை குறைவு, 30 மில்லி ஆம்பியரில் 0.07 வாட்தான். 1.6 வாட் நீல டையோடு 1.2 ஆம்பியரில் ஏறக்குறைய 5.8 வாட் வாங்கி, 4 வாட்டுக்கு மேல் சூடாக விடும். சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் விசிறி நின்றுவிட்டால் அதை ஓட்டக் கூடாது. மின்னோட்டம் வைத்த பிறகு பத்து நிமிடம் ஓடவிட்டு மறுபடி அளந்து பாருங்கள், சூடேறியதும் சில மலிவு போர்டுகளில் அளவு மேலே நகரும்.

இங்கே நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. சேலத்தில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் மார்கழி விடியல் 15 டிகிரிக்கும் கீழே போகும். சிவப்பு டையோடின் தொடக்க அளவு சூட்டோடு ஏறும். குளிரில் 20 மில்லி ஆம்பியரில் தொடங்கியது வெயிலில் 25ஐத் தொடலாம். சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே அமர்ந்து, கோடு மங்கலாக இருக்கிறதே என்று 35 மில்லி ஆம்பியர் வைத்து, 5 மில்லிவாட் வாங்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே லெவல் கருவியை மார்கழியில் சேர்வராயன் மலையில் கட்டட வேலைக்கு எடுத்துப் போனால், அதே 35 மில்லி ஆம்பியர் 7.5 மில்லிவாட் கொடுக்கும். யாரும் எதையும் தொடவில்லை, டையோடு மட்டும் ஒன்றரை மடங்குச் சுமையில் எரிந்துகொண்டிருக்கும். மலைக்கும் சமவெளிக்கும் போய்வரும் கருவிக்கு மின்னோட்டத்தைக் குளிரில் வைக்க வேண்டும். குளிர்சாதன அறையிலாவது வைக்க வேண்டும். வெயிலில் சற்று மங்கினால் மங்கட்டும். பனியில் இருந்து சூடான அறைக்குள் கொண்டுவந்த கருவியின் லென்ஸில் ஈரம் படிவதையும் ஒளி குறைந்ததாக எண்ணிப் பிரீசெட்டைத் திருகிவிடுகிறார்கள். அரை மணி நேரம் காய விடுங்கள். காய்ந்த பின்னும் மங்கல் என்றால் லென்ஸைத் துடையுங்கள். அதற்கும் பிறகுதான் மின்னோட்டத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

80 சதவீதத்தில் வைத்தால் ஆயுள் கூடும் என்று பொதுவாகச் சொல்லிக்கொள்வதிலும் ஒரு திருத்தம் தேவை. சிவப்பு டையோடின் 30 மில்லி ஆம்பியரில் 80 சதவீதம் 24. அங்கே ஒளி 2 மில்லிவாட்தான். சிறிய டையோடுகளில் மின்னோட்டத்தில் சதவீதம் பார்க்காமல் ஒளியில் பார்க்க வேண்டும். 30க்குப் பதில் 28 வைத்தால் ஒளி 4 மில்லிவாட், துணி வெட்டுபவர் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

பெயர் பொறிக்கும் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். பெட்டியில் 20 வாட், 40 வாட் என்று இருக்கும் எண் பெரும்பாலும் உள்ளே போகும் மின்சாரத்தின் வாட். வெளியே வரும் ஒளி அதில் சிறு பங்குதான். அந்த எண்ணை வைத்து மின்னோட்டம் கணக்கிட்டால் டையோடு போய்விடும். இரண்டாவது, கம்ப்யூட்டர் ஒளியைக் குறைப்பது மின்னோட்டத்தைக் குறைத்து அல்ல, வேகமாக அணைத்து ஏற்றி. பாதி அளவில் மல்டிமீட்டர் 1 ஆம்பியர் என்று காட்டினால் ஒவ்வொரு துடிப்பிலும் பாய்வது 2 ஆம்பியர். இத்தகைய இயந்திரங்களை இயக்கும் ஜிஆர்பிஎல் மென்பொருளில் உச்ச அளவு 1000 என்று இருந்தால், முழு ஒளிக்கான எஸ்1000 கட்டளை கொடுத்து, தொடர்ந்து எரியும் நிலையில்தான் டம்மி லோடில் அளவு வைக்க வேண்டும். லேசரை ஏற்றி அணைக்கும் கட்டளை வரும் டிடிஎல் ஒயர் எங்கும் இணையாமல் தொங்கினால் சில போர்டுகள் முழு அளவில் எரியும். அந்த முனையிலிருந்து நெகட்டிவுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டுவிட்டால் கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் லேசர் அணைந்தே இருக்கும்.

கண் பாதுகாப்பை இங்கே தனியாகப் பேசக் காரணம், மின்னோட்டத்தைக் கூட்டினால் கருவியின் பாதுகாப்பு வகுப்பே மாறிவிடுகிறது என்பதுதான். லேசர் பாதுகாப்புக்கான சர்வதேச ஐஇசி 60825-1 தரத்தின்படி, கண்ணுக்குத் தெரியும் தொடர் ஒளியில் 1 மில்லிவாட் வரை வகுப்பு 2. தற்செயலாகப் பட்டால் இமை மூடிக் காத்துவிடும். 5 மில்லிவாட் வரை 3ஆர், 500 மில்லிவாட் வரை 3பி, அதற்கு மேல் 4. உறையில் வகுப்பு 2 என்று ஒட்டியிருக்கும் லெவல் கருவியில் கோடு பளிச்சென்று தெரிய வேண்டும் என்று திருகி 4 மில்லிவாட் ஆக்கினால், அந்த ஸ்டிக்கர் பொய்யாகிறது. அதை நம்பி எதிரே மண்டியிட்டு வேலை செய்யும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அது தெரியாது. நீல லேசரில் அளவு வைக்கும்போது 450 நானோமீட்டருக்கு உரியது என்று அலைநீளமும் தடுப்பு அளவும் அச்சிட்ட கண்ணாடி வேண்டும். நிறம் ஒத்த வெயில் கண்ணாடி உதவாது. படிகம் வைத்த பழைய வகை 532 நானோமீட்டர் பச்சை லேசரில் கண்ணுக்குத் தெரியாத 808 நானோமீட்டர் அகச்சிவப்பும் கசியலாம் என்பதால் அதன் வடிகட்டியைக் கழற்றிவிட்டுச் சோதிக்கக் கூடாது.

கருவி விற்பவர்களிடமும் பழுது பார்ப்பவர்களிடமும் ஒரே ஒரு வேண்டுகோள். டையோடின் எண்ணையும் இயக்க மின்னோட்டத்தையும் விற்கும்போதே ரசீதில் எழுதிக் கொடுங்கள். டிரைவர் மாற்றினால் மாடியூல் மேல் சிறு ஸ்டிக்கர் ஒட்டி, “650 நா.மீ., 28 மி.ஆ., அறை வெப்பம் 24 டிகிரி” என்று தேதியோடு எழுதுங்கள். வெப்பத்தையும் எழுதச் சொல்வது மேலே சொன்ன காரணத்தால்தான். கருவி வாங்கிப் போகிறவர்களும் இந்த ஸ்டிக்கரைக் கேட்டு வாங்க வேண்டும். அடுத்த முறை போர்டு மாற்றும்போது, அது யார் கையில் போனாலும், திருகுவதற்கு முன் பார்க்க அங்கே ஓர் எண் இருக்கும்.

இப்படிக்கு,
மின்னணுக் கருவிகள் பழுதுபார்க்கும் வாசகர்,
சூரமங்கலம், சேலம்.